உப்புப் பாக்கெட்டில் ஒரு வரி

மார்ச் 4

தங்கச்சிக்கு,

நேற்று விசாரணை மண்டபத்தில் நீ என் உப்புப் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினாய், டிவி பார்த்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நடந்தது இவ்வளவுதான். மரபணு மாற்றிய உணவுக்குப் பாக்கெட்டில் எழுதிப் போடச் சட்டம் வேண்டுமா, வேண்டாமா என்று பேச உன்னை அழைத்திருந்தார்கள். பரிசோதனைக்கூடத்து அதிகாரி என்று முன் வரிசையில் நாற்காலி, தண்ணீர் டம்ளர், மைக். நீயோ கைப்பையைத் திறந்து பாக்கெட்டை எடுத்து, 'மரபணு மாற்றப்படாதது' என்ற வரியைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்து, "உப்புக்கு ஏதுங்க மரபணு?" என்று கேட்டாய். கேமராக்காரன் இதற்கென்றே காத்திருந்தவன் போலப் பாக்கெட்டின் அடி வரை போனான். அங்கேதான் என் கடைப் பெயரும் போன் நம்பரும் இருக்கின்றன.

அதிலிருந்து போன் ஓயவில்லை. ஒருவன், "அண்ணாச்சி, உங்க தண்ணி பாட்டில்ல மீன் முள்ளு இல்லைன்னு எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டு வைக்கிறான். சந்தையில் எனக்குப் பெயரே 'ஜீன் உப்பு' ஆகிவிட்டது.

நான் எழுதியதில் பொய் என்ன, சொல். உப்பில் மரபணு மாற்றம் இருக்கிறதா? இல்லை. இல்லாததை இல்லை என்று எழுதினேன். மக்காச்சோள மாவுப் பாக்கெட்டில் அந்த வரியைப் போட்ட மாதமே மாவு பறந்தது. அச்சகத்தில் எழுத்து தயாராக இருந்தது, உப்பிலும் போடச் சொன்னேன். உப்பும் பறந்தது. ஓடுகிற குதிரைக்கு யாராவது கடிவாளம் இழுப்பார்களா? மூட்டை தூக்கிக் கடை வைத்தவன் நான். வாங்குகிறவன் எதைப் பார்த்துப் பையில் போடுகிறான் என்று படிக்கத்தான் எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் போனில் கேட்டிருப்பேன். உன் அண்ணி விடவில்லை. நேற்று உன்னோடு நான் கத்தியதும் நீ கத்தியதும் தெருவுக்கே கேட்டதாம். "ரெண்டு பேரும் கத்தாம பேசக் கத்துக்கிற வரைக்கும் எழுதித் தொலைங்க" என்று சட்டம் போட்டுவிட்டாள்.

அடுத்த மாதம் இரண்டாவது அமர்வு இருக்கிறதாமே. அங்கே எழுந்து, அது வேடிக்கைக்குச் சொன்னது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு.

அண்ணன்

பி.கு.: காலையிலிருந்து உப்பு கேட்டுக் கடைக்காரர்கள் வந்தபடி இருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே இரண்டிரண்டு பெட்டி எடுக்கிறார்கள். அதனால் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே.


மார்ச் 9

அண்ணன் அவர்களுக்கு,

நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. அண்ணி அனுப்பிய பாக்கெட் சமையலறையில் இருந்தது, எடுத்துப் போனேன். கேமரா கீழே போகும் என்று எனக்குத் தெரியாது. அதற்கு மட்டும் வருத்தம். சொன்னதற்கு இல்லை.

நீங்கள் எழுதியது உண்மைதான். ஆனால் அந்த உண்மை பக்கத்துப் பாக்கெட்டின் மேல் பழி போடுகிறது. உங்கள் உப்பில் இல்லை என்றால் அடுத்தவர் உப்பில் இருக்கிறது என்றுதானே படிக்கிறவர் நினைப்பார்? பயத்தை விற்கிறீர்கள், உப்பை இல்லை.

அந்த மண்டபத்தில் எனக்கு இரண்டு பக்கமும் அடி. விதைக் கம்பெனி வக்கீல், பாக்கெட்டில் எழுதவே கூடாது என்கிறார். எழுதினால் மண்டை ஓட்டுப் படம் போட்ட மாதிரி ஜனங்கள் ஓடுவார்களாம். நுகர்வோர் சங்கத் தலைவி, அதெல்லாம் விஷம், எழுதினால் போதாது, தடையே செய் என்கிறார். நான் சொன்னது ஒன்றுதான். அனுமதி கொடுத்த பயிர்களைச் சோதித்திருக்கிறார்கள், தின்றவருக்குக் கெடுதல் வந்ததாக இதுவரை யாரும் காட்டவில்லை. ஆனாலும் காசு கொடுக்கிறவருக்கு உள்ளே என்ன என்று தெரிய உரிமை உண்டு. உள்ளதைச் சின்னதாக, நேராக எழுதுங்கள் என்றேன். இரண்டு பேருமே என்னை முறைத்தார்கள்.

உப்பை விடுங்கள். மக்காச்சோளத்துக்கு மரபணு உண்டு. உங்கள் மாவுப் பாக்கெட்டிலும் அதே வரி இருக்கிறது. அது உண்மை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? யார் சோதித்தார்கள்?

தங்கை


மார்ச் 13

என் அருமைப் பூதக்கண்ணாடிக்கு,

'அவர்களுக்கு' என்றும் 'நீங்கள்' என்றும் எழுதியிருக்கிறாய். கோபம் வந்தால்தான் உனக்கு மரியாதை வரும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

இப்போது ஒரு சேதி. உட்கார்ந்து படி. ஊரெங்கும் கிளை வைத்திருக்கிறார்களே அந்தப் பெரிய கடைக்காரர்கள், அவர்கள் என் மாவைக் கேட்கிறார்கள்! எல்லாக் கிளைக்கும்! அவர்களுடைய கொள்முதல் மேடம் நேரில் வந்து என் மாவு மில்லைச் சுற்றிப் பார்த்தார். என்ன விலை சொன்னாலும் பாதியாக நறுக்குவதால் சந்தையில் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். அந்தக் கத்தரிக்கோல் என் விலையில் கை வைக்கவில்லை. கேட்டது ஒன்றுதான்: அந்த 'மரபணு மாற்றப்படாதது' வரி எழுத்து இன்னும் பெரிதாக வேண்டும். எங்கள் ஜனங்கள் அதைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள் என்றார். இதை நம்பித்தான் புதுப் பாக்கெட் மெஷினுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். இந்த ஆர்டர் கையை விட்டுப் போனால் மெஷின் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும், நானும் பழையபடி தராசைப் பிடிக்க வேண்டியதுதான்.

யார் சோதித்தார்கள் என்று கேட்டாய். எனக்குச் சோளம் கொண்டுவரும் தரகர் சொன்னார். பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணிச் சொன்னார். போதாதா? மேடம் என் மில்லில் வியந்து பார்த்தது எதைத் தெரியுமா? தரையை. ஒரு பொடி கிடையாது. காலையில் கோழிப்பண்ணைக்குத் தீவனம் அரைக்கிறோம், மதியம் மனிதர்களுக்கு மாவு. குழாயில், சல்லடையில், மூலையில் ஒட்டியதைக்கூடத் தட்டிக் கூட்டி அடுத்த மூட்டையில் சேர்த்துவிடுவோம். என் மில்லில் ஒரு கைப்பிடி வீணாகாது என்று அவரிடம் மார்தட்டிச் சொன்னேன்.

இத்தோடு மாவு அனுப்பியிருக்கிறேன். ஒளித்து மறைத்து இல்லை, உன் கூடத்துக் கவுன்டரில் கட்டணம் கட்டி, நம்பர் போட்டு, எல்லாரையும் போல. சோதித்துப் பார். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்.

அண்ணன்


மார்ச் 21

அண்ணன் அவர்களுக்கு,

அறிக்கை உங்கள் கடை முகவரிக்குத் தனியாக வருகிறது. அதைத் திறக்கும் முன் இதைப் படியுங்கள் என்று முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

இருக்கிறது. மரபணு மாற்றிய மக்காச்சோளம் உங்கள் மாவில் மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல். நான் தொடவில்லை. அண்ணன் மாவு என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டேன், சக ஊழியர் பார்த்தார். நம்ப முடியாமல் அவரே மறுபடியும் போட்டுப் பார்த்தார். அதே முடிவு.

யாருக்கும் வயிறு வலிக்காது. இது பல நாட்டில் சாப்பிடுகிற, அனுமதி கொடுத்த ரகம்தான். பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் வரப்போகிற சட்டத்தில் ஒரு சதவீதத்தைத் தாண்டினால் 'கலந்தது' என்று எழுத வேண்டும் என்கிறார்கள். சட்டம் வராவிட்டாலும் 'இல்லாதது' என்று இனி நீங்கள் எழுதினால் அது தெரிந்தே எழுதுகிற பொய். உப்பில் எழுதியதாவது வேடிக்கை. இது வேடிக்கை இல்லை.

தங்கை


மார்ச் 24

தங்கச்சி,

அறிக்கையை இரண்டு தடவை படித்தேன். தரகரைக் கடைக்கு வரச்சொன்னேன். வந்தவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணி எனக்குக் கலப்படம் விற்றாயா என்று வாடிக்கையாளர்கள் பார்க்கக் கேட்டுவிட்டேன். அவர் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. "பதினெட்டு வருஷமா உங்களுக்குச் சரக்கு கொடுக்கிறேன் மொதலாளி. இன்னிக்கு ஒரு காகிதத்தை நம்பிட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மழை பெய்துகொண்டிருந்தது. குடையை மறந்துவிட்டு நனைந்துகொண்டே போனார். அது இன்னும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது.

அவர் கொண்டுவந்த, இன்னும் தையல் பிரிக்காத மூட்டையிலிருந்து உன் அண்ணி முன்னாலேயே சோளம் எடுத்துக் கட்டி அனுப்புகிறேன். அதையும் பார்த்து ஒரு காகிதம் கொடு. அவர் முகத்தில் எறிய வேண்டும்.

இப்போது மனசில் இருப்பதை மறைக்காமல் கேட்கிறேன். மேடம் வருகிற வாரம் கையெழுத்துப் போடுகிறார். அவர்கள் சோதிக்கப் போவதில்லை, கேட்டுவிட்டேன். பெரிய எழுத்துப் போட்ட பாக்கெட் பிளாஸ்டிக் சுருளும் அச்சாகி வந்துவிட்டது. அறிக்கை என்னிடம், விஷயம் உன்னிடம். யாருக்கும் வயிறு வலிக்காது என்று நீயே எழுதியிருக்கிறாய். நான் பேசாமல் இருந்தால் யாருக்கு நஷ்டம்?

அண்ணன்


மார்ச் 29

அண்ணனுக்கு,

சோளம் சுத்தம். அந்த மூட்டையில் ஒரு துளிகூட இல்லை. தரகர் செய்த சத்தியம் நிஜம். முதலில் போய்க் குடையைக் கொடுங்கள்.

அப்படியானால் உங்கள் மாவில் எங்கிருந்து வந்தது? உங்கள் மார்ச் 13 கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். காலையில் கோழித்தீவனம், மதியம் மாவு. அந்தத் தீவனச் சோளம் கப்பலில் வருவது, மரபணு மாற்றியது, யாரும் அதை ஒளிக்கவும் இல்லை. குழாயில் ஒட்டியதைத் தட்டிக் கூட்டி அடுத்த மூட்டையில் சேர்க்கிறீர்கள். மேடத்திடம் மார்தட்டினீர்களே, வீணாகாத அந்தக் கைப்பிடி, அதுதான் அண்ணா.

யாருக்கு நஷ்டம் என்று கேட்டீர்கள். எனக்கு. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், வாடிக்கையாளர் அறிக்கையை வெளியே சொன்னால் என் வேலை போகும். ஆனால் இரண்டாவது அமர்வில் விதைக் கம்பெனி வக்கீல் கேட்கப்போகிற முதல் கேள்வி உங்கள் அண்ணன் பாக்கெட்டில் எழுதியிருப்பது உண்மையா என்பதுதான். உப்புப் பாக்கெட் யாருடையது என்று கண்டுபிடித்துவிட்டார். உண்மை என்று பொய் சொல்ல எனக்கு வராது. பொய் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதனால் உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்து வீட்டில் உட்கார்ந்துவிடுவேன். நேராக எழுதுங்கள் என்று சொல்ல அங்கே இருந்தது நான் ஒருத்திதான். அந்த நாற்காலி காலியாக இருக்கும்.

முடிவு உங்களுடையது.

தங்கை


ஏப்ரல் 15

பூதக்கண்ணாடி,

நீ உட்கார்ந்திருந்தால் எழுந்து நில்!

முதலில் குடை. தரகர் வீட்டுக்கு நடந்தே போனேன். கதவைத் திறந்தவர் குடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காகிதம் தப்பில்லை, காகிதத்தைப் படித்த ஆள்தான் தப்பு என்றேன். உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். சர்க்கரை போடவில்லை. அது தண்டனையா, அவர் வீட்டு வழக்கமா என்று இன்னும் தெரியவில்லை. முழு டம்ளரையும் குடித்தேன்.

பிறகு மில். மேஸ்திரியை வைத்துக் குழாயைக் கழற்றினால், உள்ளே வளைவில் விரல் தடிமனுக்குத் தீவனப் பொடி இறுகிக் கிடக்கிறது. என் சிக்கனம் அங்கே சுவர் கட்டிக் குடியிருந்திருக்கிறது. எல்லாவற்றையும் சுரண்டிக் கழுவிக் காயவைத்தோம். இனித் தீவனம் ஓடிய பிறகு முதலில் வருகிற ஒரு மூட்டை மாவு கோழிக்கே போகும். இதைச் சொன்னபோது மேஸ்திரி என்னைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலோ என்று.

அதன் பிறகு கத்தரிக்கோல் மேடத்தின் அலுவலகத்துக்கு, கையெழுத்துப் போடக் கூப்பிட்ட அதே நாளில், போனேன். உன் அறிக்கையை மேசையில் வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தால் வார்த்தை மாறிவிடும் என்று நின்றுகொண்டே சொன்னேன்: இதுவரை விற்ற மாவில் இருந்திருக்கிறது, எனக்கே தெரியாது, இப்போது தெரியும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரக்குல குறை இருக்குன்னு தானா வந்து சொன்ன முதல் ஆள் நீங்கதான். உங்களுக்குப் பைத்தியமா, இல்ல ரொம்பக் கெட்டிக்காரத்தனமா?"

"ரெண்டும் இல்ல மேடம். தங்கச்சி அப்படி வாய்ச்சிருக்கா."

அவர் சிரிக்கவில்லை. வரியை எடுத்துவிட்டு வெறும் மாவாகக் கொடுங்கள், விலை பாதி என்றார். கத்தரிக்கோல் வெளியே வந்துவிட்டது. அப்போதுதான் எனக்குள்ளே ஒரு மணி அடித்தது. ஒன்று என்ன, இரண்டு பாக்கெட் தருகிறேன் என்றேன். கழுவிய மில்லில் அரைத்துச் சோதித்த மாவு ஒன்று, முகப்பில் 'சோதித்தது, ஒரு சதவீதத்துக்கும் கீழே' என்று. இன்னொன்று கப்பல் சோளம், மனிதர் சாப்பிட அனுமதித்த தரம், முகப்பில் 'மரபணு மாற்றிய சோளம் கலந்தது' என்று அதே அளவு எழுத்தில். சிவப்பு மையும் இல்லை, பூப்படமும் இல்லை. இரண்டாவது விலை குறைவு. ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில். ஒரே ஒரு கிளையில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள், ஓடாவிட்டால் நானே வாரிக்கொண்டு போகிறேன்.

மேடம் தலையாட்டினார்; மாவை உன் கூடத்துக் கவுன்டரிலேயே சோதித்து வாங்கி, பாக்கெட்டில் கூடத்தின் பெயரும் போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு வாரமும் அந்த அலமாரிக்கு எதிரில் நின்றேன். வியாபாரத்துக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு வேடிக்கை பார்த்ததில்லை. ஜனங்கள் நிற்கிறார்கள்! படிக்கிறார்கள்! இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிற முன்பின் தெரியாத ஆளிடம் சண்டை போடுகிறார்கள்! ஒருவர் என்னிடமே வந்து, விஷத்தை எழுதிப் போட்டு விற்கிறாயே, என்ன துணிச்சல் என்று கத்தினார். கத்திவிட்டு விலை கூடிய பாக்கெட் மூன்று எடுத்துப் போனார். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு அம்மா நிதானமாகக் கேட்டார்.

"இது நல்லதா, கெட்டதா?"

"கெட்டதுன்னு இதுவரைக்கும் யாரும் காட்டலம்மா. ஆனா உள்ள இருக்கு. இருக்குன்னு எழுதியிருக்கேன்."

அவர் இரண்டு பாக்கெட்டையும் திருப்பிப் பார்த்தார். "இத்தனை நாளும் இருந்திருக்கும். சொல்லலை, அவ்வளவுதானே?" என்று சொல்லிவிட்டு விலை குறைந்ததை எடுத்தார். என் கன்னத்தில் அறைந்த மாதிரியும் இருந்தது, முதுகில் தட்டிய மாதிரியும் இருந்தது.

முதல் மூன்று நாள் 'கலந்தது' அசையவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்காம் நாள் ஒரு மாணவர் விடுதிச் சமையல்காரர் வந்தார், இரண்டையும் வாங்கிப் போய் ரொட்டி சுட்டுப் பார்த்தார், மறுநாள் வந்து 'கலந்தது' அலமாரியைக் காலி செய்தார். வித்தியாசம் விலையில் மட்டும்தான் தெரிகிறது என்றார். வாரக் கடைசியில் இரண்டும் தீர்ந்தது. மேடம் இன்னும் சரி என்று சொல்லவில்லை. இரண்டாவது அமர்வு முடியட்டும், சட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். மெஷின்காரன் தினமும் போன் பண்ணுகிறான்.

ஆக, என் ஆர்டர் இப்போது உன் நாக்கில் தொங்குகிறது. உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிடாதே. இரண்டு பாக்கெட்டும் அனுப்பியிருக்கிறேன். கைப்பையில் வை.

அண்ணன்


ஏப்ரல் 24

அண்ணா,

எழுந்து நின்றுதான் படித்தேன். இப்போது நீ உட்கார், நான் சொல்கிறேன்.

போனேன். அதே நாற்காலி, அதே தண்ணீர் டம்ளர். வக்கீல் என்னைப் பார்த்ததுமே கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். போன தடவை உப்பைக் காட்டிச் சிரிக்க வைத்தீர்களே அம்மா, அந்த உப்புக்காரர் உங்கள் கூடப் பிறந்தவர்தானே என்றார். ஆமாம் என்றேன். மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது. "அப்ப அவர் மாவுப் பாக்கெட்டுல எழுதியிருக்கிறது உண்மையா? சோதிச்ச கூடம் உங்களுடையதுதானே?" என்று கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திருக்காமல் எல்லாரையும் பார்த்துத் திரும்பினார்.

நான் தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தேன். கைப்பையைத் திறந்தேன். கேமராக்காரர் ஓடியே வந்தார், அவருக்கு நான் பை திறந்தால் நல்ல காலம் என்று தெரிந்துவிட்டது. 'கலந்தது' பாக்கெட்டை மைக்குக்கு முன்னால் வைத்தேன். நீங்களே படியுங்கள் ஐயா என்றேன். அவர் படித்தார். அவர் குரலிலேயே படித்தார், அண்ணா! 'மரபணு மாற்றிய சோளம் கலந்தது.' அதன் கீழே உன் போன் நம்பர் வரைக்கும் படித்துவிட்டு நிறுத்தினார்.

எழுதினால் யாரும் வாங்க மாட்டார்கள் என்றீர்களே, இது ஒரு வாரத்தில் அலமாரியில் தீர்ந்தது என்றேன். பிறகு சங்கத் தலைவியைப் பார்த்து, தடை செய்யாவிட்டால் ஜனங்கள் ஏமாறுவார்கள் என்றீர்களே, இதைப் படித்துவிட்டு மற்றதை எடுத்தவர்களும் இருக்கிறார்கள், யாரும் ஏமாறவில்லை என்றேன். இந்தத் தடவையும் இரண்டு பேரும் முறைத்தார்கள். ஆனால் விசாரணைத் தலைவர் பாக்கெட்டை வாங்கிக் கண்ணாடியை உயர்த்தி நெடுநேரம் பார்த்தார். எழுத்து இந்த அளவு போதுமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். வேண்டுமா, வேண்டாமா என்று கேட்கவில்லை, அளவைக் கேட்டார்!

போன மாசம் எல்லாரும் சிரித்த அதே இடத்தில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மேடம் டிவி பார்த்தாரா? மெஷின் என்ன ஆச்சு? உடனே எழுது. அல்லது அண்ணியிடம் கெஞ்சிப் போனை வாங்கு. இன்னொன்று: உப்புப் பாக்கெட்டில் அந்த வரி இன்னும் இருக்கிறதா, முதலாளி?

உன் பூதக்கண்ணாடி


ஏப்ரல் 27

பாப்பா,

'நீ' என்று எழுதிவிட்டாய். கோபம் தீர்ந்தது, மரியாதையும் போயிற்று. நிம்மதி.

வக்கீல் என் போன் நம்பரைப் படித்த நிமிடத்திலிருந்து போன் அலறுகிறது. இந்தத் தடவை மீன் முள் கேட்டு இல்லை, சரக்குக் கேட்டு. மேடமும் டிவி பார்த்தார். மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்னால் அவர் வண்டி வாசலில் நிற்கிறது. இவ்வளவு விளம்பரம் ஓசியில் கிடைத்திருக்கிறதே, அதில் பாதி எங்களுக்கு என்று சொல்லி விலையில் கத்தரியை வைத்தார். நான் விடவில்லை. உன் அண்ணி உள்ளிருந்து வந்து, கத்தாமல் பேசுங்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சட்டம் போட்டாள். மேடம் அவளைப் பார்த்து, இவங்களை எங்க கொள்முதல் பிரிவுக்கு அனுப்புங்க என்றார். கல்லாப்பெட்டி மேலேயே கையெழுத்தாயிற்று. மெஷின் நாளை இறங்குகிறது. பெரிய எழுத்துச் சுருளை மேஸ்திரி கோழிப்பண்ணைக் கூரைக்குக் கேட்டார், கொடுத்துவிட்டேன்.

பேசி முடித்தது இது. 'சோதித்தது' கிலோ ஐம்பத்தெட்டு, 'கலந்தது' கிலோ நாற்பத்தாறு, எல்லாக் கிளையிலும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில். எழுத்து இரண்டிலும் ஒரே அளவு. சோளம் தரகரிடமிருந்தே, பழைய விலையில், சத்தியம் இல்லாமல், மூட்டைக்கு மூட்டை காகிதத்தோடு. ஒவ்வொரு சரக்கும் உன் கூடத்துக் கவுன்டரில் முழுக் கட்டணம் கட்டிச் சோதிக்க வேண்டும், அண்ணன் என்று தள்ளுபடி கேட்கக் கூடாது, இது உன் அண்ணி சேர்த்த நிபந்தனை, ஒப்புக்கொண்டேன். ஞாயிறு முதல் நாம் போனில் பேசலாம், குரல் ஏறினால் மறுபடி கடிதம்.

உப்பு கிலோ பதினெட்டு. முன்பு இருந்த விலைதான். பாக்கெட்டில் 'உப்பு' என்று மட்டும் போட்டிருக்கிறேன்.

அண்ணன்